பிளேடு கிளட்ச் சூடானதும் விட்டுவிடுகிறது: கிளட்ச்சை மாற்றுவதா, வயரிங்கைப் பார்ப்பதா?

காவிரிக்கரை (டெக்சஸ்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி. 42 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பகுதி), ஒற்றை சிலிண்டர் இன்ஜின், வாங்கி ஒன்பது வருடம் இருக்கும். லீவரைத் தள்ளி பிளேடை ஓட விடும் பழைய மாடல் இல்லை. மஞ்சள் குமிழை மேலே இழுத்தால் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் மின் கிளட்ச் பிடித்து பெல்ட்டைச் சுற்றும். ஊரில் ரோட்டாவேட்டர் ஓட்டுகிறவர்கள் சொல்லும் அதே பி.டி.ஓ. (இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுப்பது) சமாச்சாரம்தான், இங்கே கரண்டில் நடக்கிறது.

காலையில் குமிழை இழுத்தால் "டக்" என்று பிடிக்கிறது. இருபது நிமிடம் போல வெட்டியதும் பிளேடு தானாக நின்றுவிடுகிறது. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. குமிழை அமுக்கி மறுபடி இழுத்தால் சத்தமே இல்லை. மரத்தடியில் அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் திரும்பவும் நல்ல பிள்ளை ஆகிவிடுகிறது.

ஃபியூஸ் போகவில்லை. பெல்ட் போன வருடம் மாற்றியது. பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் கடைக்காரர் வண்டியைப் பார்க்காமல் போனிலேயே "கிளட்ச் போச்சு" என்று சொல்லி, கூலியோடு 400 டாலருக்கு மேல் கேட்கிறார். கிளட்ச்சுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, குமிழை இழுத்து வைத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். 12.4 வோல்ட் வருகிறது. அப்படியானால் வயரிங் சரி, கிளட்ச்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாமா? புல் முழங்கால் வரை வந்துவிட்டால் குடியிருப்போர் அசோசியேஷனில் இருந்து கடிதம் வந்துவிடும், கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் புண்ணியம்.

ஈஸிகோ (நியூ ஜெர்சி)

இதே தொல்லை எனக்கும் இருந்தது நண்பரே. சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதில்தான் எல்லா வம்பும். கனெக்டரைக் கழற்றி இரண்டு முனைக்கும் ஒரு துண்டு ஒயரைப் போட்டுவிடுங்கள். முடிந்தது கதை.

மைதான மெக்கானிக் (கோவை)

ஈஸிகோ தம்பி, அந்த ஒயர்த் துண்டைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லித் தராதீங்க. சீட் சுவிட்ச் எதற்கு இருக்கிறது என்றால், சரிவில் வண்டி சாய்ந்து ஆள் கீழே விழுந்தால் இன்ஜின் நின்று பிளேடும் நிற்பதற்கு. அதை ஷார்ட் செய்துவிட்டால் ஆள் கீழே, பிளேடு மேலே ஓடிக்கொண்டிருக்கும். வண்டி வைத்திருக்கிறவர் வீட்டில் குழந்தைகள் உண்டா என்றுகூடக் கேட்காமல் இப்படி யோசனை சொல்லக் கூடாது.

அதோடு, இந்த வண்டியில் சீட் சுவிட்ச் குற்றவாளியும் இல்லை. பொதுவாக பிளேடு ஓடும்போது சீட் சுவிட்ச் விட்டால் அது இன்ஜினின் இக்னிஷனை எர்த் செய்து இன்ஜினையே நிறுத்தும். பின்னால் எடுக்கும்போது பிளேடைத் தடுக்கும் ரிவர்ஸ் சுவிட்சும் பல வண்டிகளில் அதே வேலையைத்தான் செய்யும். சுவிட்ச் ஒரு நொடி துள்ளினால்கூட இன்ஜின் இருமும், "டப்" என்று பின்னடிக்கும். காவிரிக்கரைக்கு இன்ஜின் பிசிறில்லாமல் ஓடுகிறது, பிளேடு மட்டும் நிற்கிறது. அப்படியென்றால் கோளாறு கிளட்ச்சுக்குக் கரண்ட் போகும் பாதையில், அல்லது கிளட்ச்சிலேயே.

காவிரிக்கரை சாருக்கு: நீங்கள் பார்த்த 12.4 வோல்ட்டை நம்பாதீங்க. கனெக்டரைக் கழற்றிவிட்டால் அந்தப் பாதையில் கரண்டே ஓடவில்லை. மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே கிடையாது. ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், சுவிட்சின் உள்ளே கரி பிடித்துப் போயிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். கிளட்ச்சின் காயில், அதாவது கரண்ட் போனால் காந்தமாகும் செம்புக் கம்பிச் சுருள், மாட்டியிருக்கும்போது நாலு ஆம்பியர் வாக்கில் இழுக்கும். அப்போது என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு.

இதைச் செய்யுங்கள்.

சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள். கை டெக்குக்குப் பக்கத்தில் போகும் வேலை இது, இன்ஜின் எந்தக் காரணத்துக்கும் சுற்றக் கூடாது. கிளட்ச் கனெக்டரை மாட்டியே வையுங்கள். கனெக்டரின் பின்பக்கம், ஒயர் உள்ளே போகும் இடத்தில், ஒரு குண்டூசியை ஒயரை ஒட்டி நுழைத்தால் உள்ளே இருக்கும் உலோகத்தில் படும். இரண்டு ஒயருக்கும் இரண்டு குண்டூசி, ஒன்றோடொன்று தொடாமல். மீட்டர் முனைகளை அதில் பிடித்துக்கொண்டு, சாவியை ஓடும் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் குமிழை இழுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இந்த நிலையிலேயே "டக்" சத்தம் வரும். சிலவற்றில் யாராவது சீட்டில் உட்கார்ந்தால்தான் வரும்.

அதே நேரத்தில் பேட்டரி டெர்மினலில் எவ்வளவு என்றும் பார்த்து வையுங்கள். இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட், மிஞ்சிப்போனால் ஒரு வோல்ட் வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் என்றால் வழியில் யாரோ தின்கிறார்கள்.

இன்னொன்று, பிளக் ஒயரைத் திரும்ப மாட்டிய பிறகு இன்ஜினை முழு த்ராட்டிலில் ஓடவிட்டு பேட்டரியில் எவ்வளவு காட்டுகிறது? 13.5-க்கும் 14.5-க்கும் நடுவே வர வேண்டும். சார்ஜ் ஆகாத வண்டியிலும் இதே மாதிரி இருபது நிமிடத்தில் கிளட்ச் விட்டுவிடும், ஏனென்றால் கிளட்ச் முழுக்க பேட்டரியை மட்டும் தின்று ஓடுகிறது. அதை முதலில் ஒதுக்கிவிடலாம்.

தீவகன் (ஒன்ராறியோ)

நல்ல விளக்கம் அண்ணை. நானும் ஒரு பிரச்சினையோடுதான் வந்தனான், தனி இழை தொடங்காமல் இதிலேயே கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். என்ரை வண்டியில் மஞ்சள் குமிழை இழுத்தவுடன் 20 ஆம்பியர் ஃபியூஸ் எரியுது. புதுசு போட்டாலும் அதே கதை. குளிர் காலம் முழுக்க வண்டி கொட்டிலுக்குள்ளை நின்றது, எலி கூடு கட்டியிருந்தது. எலி வயரைக் கடித்திருக்குமோ?

மைதான மெக்கானிக் (கோவை)

கடித்திருக்கலாம் தீவகன். ஆனால் ஃபியூஸ் வாங்கிப் போட்டுப் போட்டு எரிக்காதீங்க. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு பழைய 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை இரண்டு ஒயர் வைத்துச் செருகுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஒயர் எதுவும் சூடாகாது. இப்போது கிளட்ச் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பல்பு மங்கினாலோ அணைந்தாலோ ஷார்ட் கிளட்ச் காயிலில். கழற்றியும் அப்படியே எரிந்தால் வயரிங்கில். வயரிங் என்றால் ஹார்னெஸை (ஒயர்க் கட்டை) கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே வாருங்கள், பல்பு எங்கே கண் சிமிட்டுகிறதோ அங்கேதான் உரசியிருக்கிறது.

கிளட்ச்சைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும் ஒரு தகடு இருக்கும், அதையும் பாருங்கள். காயில் இருக்கும் பாகம் சும்மா நிற்க வேண்டும், புல்லிதான் சுற்ற வேண்டும். அந்தத் தகடு உடைந்தாலோ நழுவினாலோ காயிலும் சேர்ந்து சுற்றி ஒயரைப் பிய்த்துக்கொண்டு போகும்.

காவிரிக்கரை (டெக்சஸ்)

மெக்கானிக் அண்ணே, நீங்கள் சொன்னபடி பார்த்தேன்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1. சார்ஜிங் நன்றாக இருக்கிறது.

இன்ஜின் நிறுத்தி, சாவி போட்டு, குமிழ் இழுத்த நிலையில் பேட்டரியில் 12.4. கிளட்ச் கனெக்டரில் 9.1 மட்டும்தான்! இது வண்டி குளிர்ந்திருக்கும்போது. பிறகு பிளக் ஒயரை மாட்டி, புல் வெட்டி, பிளேடு நின்றவுடன் இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி அளந்தேன். இந்த முறை எண் நிற்கவே இல்லை. குமிழை விரலால் லேசாக அசைத்தால் 5-லிருந்து 9 வரை தாவுகிறது.

காயிலின் ஓம் கணக்கும் எடுத்தேன், மீட்டர் 3.3 காட்டியது. இது சரியா?

ஓம்விதி (பெர்த்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இந்த மாதிரி எண்களைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

முதலில் 3.3 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சாதாரண மீட்டரில் 0.2, 0.3 என்று வரும், அது மீட்டர் ஒயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ். அதைக் கழித்தால் உங்கள் காயில் 3.0 ஓம் வாக்கில் இருக்கும். இந்த அளவு கிளட்ச்சுகளுக்கு 2.5-லிருந்து 4 ஓம் வரை சாதாரணம். காயிலின் ஒவ்வொரு முனைக்கும் கிளட்ச்சின் உடம்புக்கும் நடுவே ஓம் பாருங்கள், அங்கே தொடர்பே இருக்கக் கூடாது. இரண்டும் சரி என்றால் காயில் சரி, உங்கள் 400 டாலர் இப்போதைக்குப் பத்திரம்.

இப்போது 9.1. பேட்டரியிலிருந்து கிளட்ச் வரை 3.3 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. கரண்ட் 9.1 வகுத்தல் 3.0, அதாவது 3 ஆம்பியர். ஒழுங்காக 12.4-ம் வந்திருந்தால் 4.1 ஆம்பியர் ஓடியிருக்கும். மூன்றுக்கும் நாலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் மின்காந்தத்தின் இழுவிசை கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மூன்றை நாலு புள்ளி ஒன்றால் வகுத்து வர்க்கம் எடுங்கள்: கிளட்ச் ஏறக்குறையப் பாதி பலத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சூடானதும் ஏன் மோசமாகிறது என்றால், செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் 4 சதவீதம் போலக் கூடும். இன்ஜினுக்கு அடியில், டெக்சஸ் வெயிலில், காயில் 75 டிகிரி கூடுதலாகச் சூடானால் 3.0 ஓம் 3.9 ஆகிவிடும். கரண்ட் இன்னும் குறையும். ஏற்கெனவே பாதி பலத்தில் இருந்த கிளட்ச்சுக்கு அது போதும்.

அடுத்த வேலை, அந்த 3.3 வோல்ட்டை யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. ஓம் மீட்டரைத் தொடாதீர்கள், கன்டினியூட்டி "பீப்" சத்தத்தையும் நம்பாதீர்கள். பல மீட்டர்கள் முப்பது ஓமுக்கும் பீப் அடிக்கும். இங்கே ஒரு ஓம்கூட வண்டியை நிறுத்திவிடும். எனவே வோல்ட் அளவிலேயே வைத்து, குமிழ் இழுத்த நிலையில், பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் குறுக்கே அளவெடுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து குமிழ் சுவிட்சுக்கு உள்ளே வரும் முனை வரை ஒன்று. சுவிட்சின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் குறுக்கே ஒன்று. சுவிட்ச் வெளிமுனையிலிருந்து கிளட்ச் கனெக்டர் வரை ஒன்று. கிளட்ச்சின் எர்த் ஒயரிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை ஒன்று. நாலையும் கூட்டினால் 3.3 வர வேண்டும், வராவிட்டால் எங்கேயோ தவறான முனையில் வைத்திருக்கிறீர்கள்.

காவிரிக்கரை (டெக்சஸ்)

அக்கா, கணக்கு பைசா சுத்தம்!

பேட்டரியிலிருந்து சுவிட்ச் வரை 0.4
சுவிட்சுக்குக் குறுக்கே 2.7
சுவிட்சிலிருந்து கிளட்ச் வரை கிட்டத்தட்டப் பூஜ்யம்
எர்த் பக்கம் 0.2

டேஷ்போர்டைக் கழற்றி சுவிட்சை வெளியே எடுத்தேன். பின்னால் செருகியிருந்த கனெக்டரில் ஒரே ஒரு ஓட்டை மட்டும் பழுப்பு நிறம், பிளாஸ்டிக் லேசாக உருகி விளிம்பு மேலே சுருண்டிருக்கிறது. சுவிட்சின் அந்தத் தகட்டு முனை மற்றவை போலப் பளபளப்பு இல்லாமல் நீலமும் கறுப்புமாக இருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் எரிந்த வாடை. உள்ளே கொஞ்சம் மண்ணும் செத்த நெருப்பெறும்புகளும். இந்த ஊரில் இந்த எறும்பு எந்த சுவிட்சையும் விடுவதில்லை, ஏ.சி. மெஷினின் ரிலேக்குள்கூடப் புகுந்துவிடும்.

ஓம்விதி (பெர்த்)

2.7 வோல்ட், 3 ஆம்பியர். அந்தச் சின்ன முனையில் 8 வாட் வெப்பம். பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

முனை சூடானால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும், கூடினால் இன்னும் சூடாகும். அதனால்தான் இருபது நிமிடம் எடுக்கிறது. குமிழை அசைத்தால் எண் தாவுவதும் அதனால்தான்.

மைதான மெக்கானிக் (கோவை)

இனி யோசிக்க ஒன்றும் இல்லை, சுவிட்சை மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீங்க, உள்ளே இருக்கும் கான்டாக்ட்டுக்கு உப்புத்தாள் எட்டாது.

வாங்கும்போது ஒன்று கவனம். இந்த மஞ்சள் குமிழ் சுவிட்ச் எல்லாம் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே வேறு வேறு. கிளட்ச்சுக்குக் கரண்ட் தருவது ஒரு ஜோடி, குமிழ் இழுத்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுப்பது இன்னொரு ஜோடி, சீட்டோடு சேர்ந்து இன்ஜினை நிறுத்துவது மூன்றாவது. ஏதோ ஒன்றை வாங்கி மாட்டினால் பிளேடு ஓடும், ஆனால் குமிழ் இழுத்த நிலையிலேயே இன்ஜினும் ஸ்டார்ட் ஆகிவிடலாம். பழைய சுவிட்சின் மேல் இருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்தே வாங்குங்கள். உருகிய கனெக்டரையும் மாற்ற வேண்டும். புது சுவிட்சை எரிந்த கனெக்டரில் செருகினால் அடுத்த சீசனில் இதே இழையைத் தூசி தட்ட வேண்டியிருக்கும். புது முனையை கிரிம்ப் செய்து (கருவியால் ஒயரோடு நசுக்கிப் பிடிக்கவைத்து) மாட்டுங்கள், முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம், அதிர்வில் கழன்றுவிடும்.

ஃபியூஸ் ஹோல்டரையும் எர்த் போல்ட்டையும் கழற்றித் துடைத்துவிடுங்கள். அந்த 0.4-ம் 0.2-ம் கொஞ்சம் இறங்கும்.

ஈஸிகோ (நியூ ஜெர்சி)

சரி, சீட் சுவிட்ச் விஷயத்தை விடுங்கள். சுவிட்ச் திரும்ப எரியாமல் இருக்க நடுவில் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) போட்டால் என்ன? கார் ஹார்னுக்குப் போடுவது போல?

ஓம்விதி (பெர்த்)

நல்ல கேள்வி. போடலாம். சாதாரண கார் ரிலேயின் காயில் 0.15 ஆம்பியர் வாக்கில்தான் இழுக்கும், குமிழ் சுவிட்சுக்கு அது பாரமே இல்லை. இப்போது கிளட்ச்சுக்குப் போகும் ஒயரை ரிலேயின் 86 என்று எண் போட்ட முனைக்குக் கொடுத்து, 85-ஐ எர்த் செய்து, 30-க்குத் தனி ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87-லிருந்து கிளட்ச். பழைய ஒயரே ரிலேயை இயக்குவதால் பாதுகாப்பு சுவிட்சுகள் எல்லாம் முன்பு போலவே வேலை செய்யும்.

ஆனால் நான் போட மாட்டேன். ரிலேயின் கான்டாக்ட் என்றாவது ஒட்டிக்கொண்டால் குமிழை அமுக்கினாலும் பிளேடு நிற்காது. சாவியை எடுத்தபின்னும் கிளட்ச் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். கை குமிழைவிட அதிகமாக எதையும் நம்பி வண்டியை நிறுத்த வேண்டிய நிலை எனக்குப் பிடிக்காது. ஒன்பது வருடம் உழைத்த சுவிட்சுக்கு பதில் இன்னொரு சுவிட்ச், அவ்வளவுதான்.

சுவிட்ச் கருகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காயிலில் ஓடும் கரண்டைத் திடீரென்று துண்டித்தால் ஒரு நொடித்துளி பெரிய வோல்ட் எழும்பும், கான்டாக்ட் நடுவே பொறி பறக்கும். காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) போட்டால் பொறி அடங்கும். தலைகீழ் என்பதில் திசை தவறினால் குமிழை இழுத்ததும் நேர் ஷார்ட், ஃபியூஸ் போய்விடும். கிளட்ச் விடுவதும் ஒரு இம்மி தாமதமாகும். வண்டி செய்தவர்கள் போட்டிருந்தால் சரி, இல்லையென்றால் நீங்களாகத் தேடிப்போய்ப் போட வேண்டாம்.

தீவகன் (ஒன்ராறியோ)

மெக்கானிக் அண்ணை, பல்பு வைத்த வேலை அற்புதம். கனெக்டரைக் கழற்றினவுடன் பல்பு நின்றிட்டுது. அப்ப வயரிங் சரி, எலிக்கு விடுதலை. காயிலை மீற்றரில் பார்த்தால், மீற்றர் வயரின் கணக்கைக் கழித்து, 0.6 ஓம்தான் காட்டுது. ஓம்விதி அக்கா சொன்ன கணக்கின்படி 12-ஐ 0.6-ஆல் பிரித்தால் 20 ஆம்பியர். பற்றறி முழுச் சார்ஜில் நின்றால் அதற்கும் மேலே. ஃபியூஸ் எரியத்தானே வேணும்?

ஓம்விதி (பெர்த்)

சரியாகப் பிடித்தீர்கள். காயிலின் சுற்றுகள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. உங்களுக்குத்தான் புது கிளட்ச் வேண்டும், காவிரிக்கரைக்கு இல்லை.

காவிரிக்கரை (டெக்சஸ்)

புது சுவிட்ச், புது கனெக்டர் இரண்டும் மாட்டியாயிற்று. விலை 40 டாலருக்குள். குமிழ் இழுத்த நிலையில் பேட்டரியில் 12.4, கிளட்ச்சில் 12.0. முழுத் தோட்டமும் வெட்டினேன், பிளேடு நடுவில் நிற்கவே இல்லை. என் மனைவி "அப்பாடா" என்றது எனக்காகவா, பக்கத்து வீட்டாருக்காகவா தெரியவில்லை.

ஒரே ஒரு மிச்சம். வெட்டிக்கொண்டிருக்கும்போது தொல்லை இல்லை. ஆனால் வண்டி நன்றாகச் சூடான பிறகு புல் மூட்டையைக் கொட்டுவதற்காகப் பிளேடை நிறுத்திவிட்டு மறுபடி குமிழை இழுத்தால் சில நேரம் உடனே பிடிப்பதில்லை. "கிர்ர்" என்று ஒரு சத்தம் வந்து இரண்டு மூன்று வினாடி கழித்துப் பிடிக்கிறது. இழுக்கும்போது கனெக்டரில் 12 வோல்ட் நிற்கிறது, அதைப் பார்த்துவிட்டேன்.

மைதான மெக்கானிக் (கோவை)

ஓடும்போது விடுவதும், சூட்டில் திரும்பப் பிடிக்காததும் இரண்டு தனி நோய்ங்க. ஒரு தடவை பிடித்துவிட்டால் புல்லியோடு சேர்ந்த தகடும் இன்ஜினோடு சுற்றும் ரோட்டரும் ஒட்டிக்கொள்ளும், நடுவில் இடைவெளி இல்லை. அப்போது கொஞ்சம் கரண்ட் இருந்தாலே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஓட்டத்தில் விட்டது முழுக்க சுவிட்சின் வேலை. ஆனால் விட்டபின் திரும்ப இழுக்கும்போது காந்தம் அந்த இடைவெளியைத் தாண்டித் தகட்டை இழுக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் தகடு தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். குளிரில் பலம் இருப்பதால் தாண்டிவிடும். சூட்டில் திணறும்.

கிளட்ச்சைப் பக்கவாட்டில் பாருங்கள். சுற்றிலும் மூன்று இடத்தில் சின்ன ஜன்னல் மாதிரி பிளவும், மூன்று ஸ்பிரிங் போட்ட நட்டும் இருந்தால் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய வகை. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இதழ்) மூன்று ஜன்னலிலும் நுழைத்து, தகட்டுக்கும் ரோட்டருக்கும் நடுவே எவ்வளவு என்று பாருங்கள். மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பல கிளட்ச்சுகளுக்கு 0.010 முதல் 0.020 அங்குலத்துக்குள் வைப்பார்கள், 0.015 என்பது பொதுவான எண். உங்கள் வண்டியின் புத்தகத்தில் வேறு போட்டிருந்தால் அதுதான் வேதம். நட் இல்லாத கிளட்ச்சும் உண்டு. சிலவற்றில் நடுவே ஒரு மெல்லிய தகட்டை உருவி எடுத்தால் இடைவெளி குறையும், சிலவற்றில் ஒன்றும் செய்ய முடியாது.

பிளக் ஒயர், பேட்டரி நெகட்டிவ் இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

காவிரிக்கரை (டெக்சஸ்)

என்னுடையது நட் உள்ள வகை. ஜன்னல் ஒவ்வொன்றிலும் காய்ந்த புல் மாவு மாதிரி அடைந்திருந்தது, காற்றடித்து எடுத்தபிறகுதான் கேஜ் உள்ளே போனது. அளவு 0.028, 0.030, 0.026. புத்தகத்தில் 0.015.

மூன்று நட்டையும் கால் கால் சுற்றாகச் சுற்றி வந்து, 0.015 கேஜ் இலேசாக உரசி வெளியே வரும்படி மூன்றையும் வைத்துவிட்டேன். இப்போது எவ்வளவு சூடானாலும் இழுத்தவுடன் பிடிக்கிறது. இடைவெளியை இன்னும் குறைத்தால் இன்னும் பலமாகப் பிடிக்குமா, 0.008 போல?

மைதான மெக்கானிக் (கோவை)

வேண்டாங்க. ரொம்ப நெருக்கினால் விட்டபின்னும் தகடு உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும், பேரிங் போகும். குமிழை அமுக்கியதும் அதே தகடு எதிர்ப் பக்கம் போய் பிரேக்கில் ஒட்டிப் பிளேடை நிறுத்த வேண்டும், அதற்கும் இடம் வேண்டும். இப்போது ஒரு சோதனை செய்யுங்கள்: முழு வேகத்தில் பிளேடை ஓடவிட்டு குமிழை அமுக்குங்கள். ஐந்து வினாடிக்குள் நின்றால் சரி. அதற்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தால் திரும்பவும் அளவு பாருங்கள்.

இனிமேல் அடர்ந்த புல்லுக்குள் நின்றுகொண்டு குமிழை இழுக்காதீங்க. வெட்டிய இடத்துக்கு வந்து இழுத்தால் தகடு வழுக்காது. வண்டி கழுவும்போது பிரஷர் பைப்பைக் கிளட்ச் மேல் நேராக அடிக்காதீங்க.

காவிரிக்கரை (டெக்சஸ்)

பிளேடு மூன்று வினாடி போல ஆகி நிற்கிறது. கடைக்காரருக்கு போன் செய்து கிளட்ச் ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சுவிட்சாகவும் இருக்கலாம்" என்கிறார் இப்போது.

தீவகன் (ஒன்ராறியோ)

அந்த ஆர்டரை எனக்குத் திருப்பிவிட்டிருக்கலாம்! சரி, நான் இணையத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். என்ரை வண்டியின் மாடல் நம்பர் ஸ்டிக்கர் அழிந்துபோச்சு. கிளட்ச்சை என்னத்தைப் பார்த்து வாங்குகிறது அண்ணை?

மைதான மெக்கானிக் (கோவை)

பழைய கிளட்ச்சின் உடம்பில் பார்ட் நம்பர் அடித்திருக்கும். பல வண்டிகளில் வார்னர் அல்லது ஒகுரா தயாரிப்புதான் இருக்கும், நம்பரைத் துடைத்துப் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. படிக்க முடியவில்லை என்றால் இன்ஜின் ஷாஃப்ட் போகும் துளையின் விட்டம், புல்லியின் வெளி விட்டம், புல்லி எந்த உயரத்தில் உட்கார்கிறது, கீழிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் சுற்றுகிறது, கனெக்டர் எப்படி இருக்கிறது, இத்தனையும் ஒத்துவர வேண்டும். புல்லி விட்டம் மாறினால் பிளேடின் வேகமே மாறிவிடும், அதில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதீங்க.

மாட்டும்போது நடு போல்ட்டை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு முறுக்குங்கள். சுழலாமல் பிடிக்கும் தகடு அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒயரை பெல்ட் தொடாதபடி பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். அப்புறம் முதல் தடவையே புல்லுக்குள் இறக்கிவிடாதீங்க. பாதி த்ராட்டிலில் பத்து வினாடி பிடிக்கவிட்டு, பத்து வினாடி விட்டு, ஐந்தாறு தடவை செய்யுங்கள். முக்கால் த்ராட்டிலில் இன்னும் ஐந்தாறு தடவை. புதுத் தகடும் ரோட்டரும் ஒன்றுக்கொன்று படிந்துவிடும்.

தீவகன் (ஒன்ராறியோ)

நம்பர் கிடைச்சிட்டுது அண்ணை, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவுடன் தெளிவாகத் தெரியுது. ஓடர் போட்டிட்டன், வந்தவுடன் மாட்டிப்போட்டு எழுதுகிறேன்.